இடப்பக்கத்துப் பெட்டி

படப்பை,
திங்கட்கிழமை மத்தியானம்.

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்கு உறை போட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நான் நலம். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த சேதிக்குப் போவதுதான் வழக்கம். இந்த முறை அந்த வரி வரவில்லை. பயப்படாதே. அப்பா கம்பெனிக்குப் போகிறார், வருகிறார், குழம்பில் உப்பு போதவில்லை என்று சண்டை போடுகிறார். ஆனாலும் அந்த வரி வரவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு நான் கையில் பிடித்திருப்பேன், அப்பா பக்கத்திலேயே இருப்பார். அவர் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது. அவர் இல்லாதபோது கூப்பிட்டுச் சொன்னால் முதுகுக்குப் பின்னால் பேசியதாகிவிடும். எதிர் வீட்டு ஜெபகுமாரின் தங்கை ஜாஸ்மின் நர்ஸ் வேலைக்கு நீ இருக்கிற ஜெர்மனிக்கே நாளைக்குப் புறப்படுகிறாள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, உன் பழைய ஸ்வெட்டர் எல்லாம் அவளிடம் கொடுத்திருக்கிறேன். அதோடு இதையும் கொடுக்கப் போகிறேன். அங்கே போய்த் தபாலில் போடுகிறேன் என்றாள். போன மாதம் நீ எனக்கு மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய், நினைவிருக்கிறதா. அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லையா, நான் இரண்டு நிமிஷம் பேசினால் ம் என்கிறார், சரி என்கிறார், அம்மாட்ட பேசு என்று எழுந்து போய்விடுகிறார், நான் இங்கே வந்தது அவ்வளவு தப்பா என்று கேட்டிருந்தாய். அவர் அப்படித்தான், விடு என்று நான் பதில் போட்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெரிந்ததை இப்போது எழுதுகிறேன்.

நீ ஜனவரியில் ஆர்டர் போட்டு அனுப்பிய ஸ்டீரியோவிலிருந்து தொடங்க வேண்டும். ஜெபகுமார்தான் வந்து மாட்டிக் கொடுத்தான். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன், மைக் வயரெல்லாம் அவன்தானே பார்க்கிறான். டிவிக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி, நடுவில் ஆம்ப்ளிஃபயர். நீ என் போனில் போட்டு வைத்திருந்த பட்டியலிலிருந்து முதல் பாட்டை ஓடவிட்டான். அப்பா குளித்து, நெற்றிக்கு இட்டு, நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம் வந்தது. அப்புறம் ஏதோ ஒரு குழல், ஒரே சுரத்தில், மூச்சு விடாமல். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஏளா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும், இன்னும் தண்ணியே புடிச்சி முடிக்கலியே என்று என்னிடம் கேட்டார். ஜெபகுமார் சிரித்துவிட்டான். அண்ணே, இதான் பாட்டே, இதுக்குப் பேரு நியூ ஏஜ் மியூசிக், வார்த்தையும் கெடையாது தாளமும் கெடையாது, உக்காந்து கேக்கக் கூடாதுண்ணே, சும்மா ஓட வுட்டுட்டு நம்ம வேலைய பாத்துகினு இருக்கணும் என்றான். கேக்காம இருக்கதுக்கு எதுக்குடே பாட்டு என்றார் அப்பா. அன்றைக்கு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரித்தாரே தவிர, மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும் முன்பே அந்தத் தண்ணிப் பாட்டைப் போடு என்றார். அதற்கு அடுத்த நாளும். எனக்கு ஆச்சரியம். சினிமாப் பாட்டையே சத்தம் என்று அணைக்கிற மனுஷன். உன் பட்டியலில் இருந்ததெல்லாம் கேட்டு முடித்தோம். பிறகு நாங்களே தேடினோம். ஒன்றைக் கேட்டால் அதன் கீழே இன்னொன்று வருகிறதே, அப்படி. மழை, கடல், யாரோ வாய் திறக்காமல் முனகுவது, கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போல ஒன்று. ஒன்றில் மட்டும், தண்ணீருக்கு நடுவே எப்போதாவது ஒரு சின்ன மணி அடிக்கும். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. ஹாஸ்டலில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பார் கூட்டி வைத்துவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்தால், அந்த மணிக்காகக் காத்திருப்பது எனக்கு ஓர் ஓய்வு. ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன், இந்த மணி நல்லாயிருக்குல்லா என்று. எந்த மணி என்றார். கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டது எத்தனை தடவை என்று இப்போது எண்ண முடியவில்லை.

மார்ச்சில் தொடங்கியது புகார். இடது பெட்டி செத்துட்டு என்றார். எல்லாம் வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறதாம். எனக்கு இரண்டும் கேட்கிறதே என்றேன். உனக்கு என்ன தெரியும், நீ அடுப்படியில நின்னு கேக்க என்றார். ஜெபகுமாரைக் கூப்பிட்டார். அவன் பெட்டியில் காதை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, பொட்டி நல்லாத்தான் கீதுண்ணே, நீ சும்மா இரு என்றான். அப்பா இருப்பாரா. திருப்புளியை எடுத்து, இடது பெட்டியை வலது பக்கமும் வலது பெட்டியை இடது பக்கமும் மாற்றி வைத்தார். அப்போதும் இடப்பக்கம் செத்துத்தான் இருந்தது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரில் அந்தப் பக்கத்து லைன் போய்விட்டது என்று முடிவு செய்தார். வாங்கிய இடத்துக்குப் புகார் எழுதச் சொன்னார், உனக்குச் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். பிள்ள ஆசையா அனுப்புனது, டுபாக்கூர்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படும் என்றார். பத்து நாளில் வேறு செட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போனார்கள். புது செட்டிலும் இடது பக்கம் இல்லை. ஊரையே ஏமாத்துதானுவ என்று கத்தினார். நானும் கூடவே திட்டினேன் செல்வி. இரண்டு செட், நான்கு பெட்டி. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிக்ஸி ஓடவில்லை என்று அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்காக வாசற்படிப் பக்கம் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு பெட்டிகளைப் பார்த்து. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலையை நிமிர்த்தி, நாச்சியா, இந்தக் கூத்தப் பாரு, இப்ப இந்தப் பெட்டி சரியாயிட்டு, அந்தப் பெட்டி செத்துட்டு என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் திரும்பி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். இடது வலதாகவும் வலது இடதாகவும் ஆகியிருந்தது. பெட்டிகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே மெதுவாகப் பாதி திரும்பினார், நின்றார், மறுபடி பாதி திரும்பினார், கோயிலில் ஆத்மப் பிரதட்சிணம் செய்கிறவரைப் போல. அப்புறம் மிக்ஸியின் திருகுகளை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். கடைசித் திருகு வரை மாட்டினார். மிக்ஸி ஓடவில்லை. பாட்டை நிப்பாட்டு என்று மட்டும் சொன்னார்.

அவர் காதுக்கு அது எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும். நம் வீட்டு ஹாட்பாக்ஸ் நினைவிருக்கிறதா, நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஆயுத பூஜை அன்று மேடையில் அப்பாவைக் கூப்பிட்டு மாலை போட்டுக் கொடுத்தார்களே. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற அச்சு, டை என்பார்களே, அது உடைவதற்கு முன்பே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து லைனை நிறுத்தினார் என்பதற்காக. பிரஸ் மெஷின் தகட்டை அடிக்கும்போது நல்ல அடிக்கு ஒரு சத்தமாம், இரண்டு தகடு சேர்ந்து போனால் வேறு சத்தமாம், டையில் கீறல் விழுந்தால் அதற்கும் தனியாக ஒன்றாம். காதில் அடைப்பான் இரண்டையும் மாட்டிக்கொண்டால் அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் மெஷின் பக்கத்துக் காதை, இடது காதை, திறந்தே வைத்திருப்பார். மேலே இருந்து யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் மாட்டிக்கொள்வார், அவர்கள் போனதும் கழற்றிவிடுவார். வனமாமலை காது வச்சா டை தப்பிக்கும் என்று லைனில் பேச்சே உண்டு. அந்தப் பேச்சை ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் பெருமையாகச் சொன்னேன். வாரம் ஒரு தடவை சட்டையைத் துவைக்கும்போது பையில் அந்த ஆரஞ்சு நிற அடைப்பான் ஜோடி வரும். ஒன்று அழுக்காக இருக்கும், ஒன்று புதிது போல இருக்கும். இருபத்தொரு வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றையாவது பத்திரமாக வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் டாக்டரிடம் வரமாட்டேன் என்றார். வயசானா அப்படித்தான், அம்பத்திரெண்டு ஆச்சுல்லா என்றார். அப்புறம் அவரோடு அதே லைனில் நிற்கிற சுடலைக்கண்ணு ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அப்பா கடைக்குப் போயிருந்தார். அவன் உட்காரவே இல்லை. மதினி, அண்ணாச்சிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதிய, இன்னைக்கு ஃபோர்க்லிஃப்ட் ஹார்ன் அடிச்சிக்கிட்டே இடப்பக்கத்துல வருது, அவுக பாட்டுக்கு நடக்காவ, நான் காலரப் புடிச்சி இழுத்தேன், இல்லன்னா இன்னைக்கு நான் வேற சேதியோட வந்திருப்பேன் என்றான். மறுநாள் லீவு போட வைத்துத் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இடது காதில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டதாம். திரும்ப வராது. வலது காதில் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும் குறையத் தொடங்கியிருக்கின்றன, இப்போதே இரைச்சலை விட்டு விலகினால் மிச்சம் நிற்கும் என்றார் டாக்டர். மணி ஏன் கேட்கவில்லை என்று அப்போது புரிந்தது. இந்தப் பாட்டை ஏன் அவ்வளவு தேடினார் என்பதும் அங்கேதான் தெரிந்தது, என்னிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொன்னார். காதுக்குள்ள ஒரு பிரஸ் ஓடிக்கிட்டே இருக்கு சார், லீவு நாள்லயும் ஓடுது, அந்தத் தண்ணிச் சத்தத்துல மட்டும் அது கொஞ்சம் அமுங்குது என்றார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நான்கு வருஷமாக ஓடுகிறதாம்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குள்ளே ஒன்று ஓடத் தொடங்கியது. தாலி கட்டியதும் என்னை எழுப்பி இடப்பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து சாப்பிடும்போது, பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் நான் அவருக்கு இடப்பக்கம்தான். நான் சொன்னதற்குப் பதில் வராதபோதெல்லாம் வீம்பு என்று நினைத்தேன். நானும் வீம்பாக இருந்தேன். ஒரே வாசலுக்குள் இரண்டு பேர் எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உன் போனை நான் பிடித்திருப்பதும் அவருக்கு இடப்பக்கம்தான். ஃபேன் ஓடும், தெருவில் லாரி போகும், நடுவில் நானும் பேசுவேன். உன் குரல் அவருக்கு வார்த்தையாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. நீ என்ன கேட்டாய் என்று தெரியாமல் தப்பாக எதையாவது சொல்லிவிடுவோமோ என்று ம் என்றும் சரி என்றும் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார். நீ அங்கே புது வீட்டில் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்த வாரம் அவர் சரி, நல்லது என்றாரே, அதை நினைத்து நீ எவ்வளவு அழுதிருப்பாய். கோபம் இல்லை செல்வி. ஏர்போர்ட்டுக்கு வராமல் போனாரே, அன்றைக்குக் கொஞ்சம் இருந்தது. அது அன்றைக்கே போய்விட்டது.

இனிதான் என் கவலை. வருகிற வியாழக்கிழமை கம்பெனிக்குக் காது சோதிக்கிற வண்டி வருகிறது. வருஷம் ஒரு முறை வரும். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். மூன்று வருஷமாக இவர் தேறிக்கொண்டிருக்கிறார். எப்படி என்று கேட்டேன். வலது காது முதலில் வருமாம், அது பிரச்சினை இல்லை. இடது வரும்போது கண்ணாடி வழியே, சோதனை செய்கிற பெண்ணின் முழங்கையைப் பார்ப்பாராம். சத்தம் போடும்போதெல்லாம் முழங்கை லேசாக அசையுமாம். அசைந்தால் அமுக்குவாராம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. இந்தத் தடவை கேட்டதுக்கு மட்டும் அமுக்குங்க, கேக்காததுக்கு அமுக்காதிய என்றேன். அப்படி அமுக்குனா அன்னைக்கே ஸ்டோர்ல தூக்கிப் போட்டுருவான், அட்டப்பெட்டி எண்ணுறதுக்கா நான் இருபத்தோரு வருசம் நின்னேன், இல்ல உடம்பு சரியில்லன்னு வீட்டுக்கே அனுப்பிருவான், நீ சம்மதிப்பியா என்றார். சம்மதிப்பேன் என்றேன். அவருக்குக் கேட்டது. வலப்பக்கம் போய் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சட்டை துவைத்தேன். பையிலிருந்த அடைப்பான் இரண்டுமே புதிது போல இருந்தன. துணிக்கல்லின் மேல் அவற்றை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடது காதில் இப்போது டையின் சத்தம் தெரியவில்லை, அதனால் வலது காதையும் திறந்துவிட்டிருக்கிறார். டாக்டர் சொன்ன பிறகு. அந்தப் பேரை விட முடியவில்லை அவருக்கு. வனமாமலைக்குச் சத்தம் தெரியவில்லை என்று லைனில் ஒருவன் சொல்லிவிடக் கூடாது, அதற்காக இருக்கிற ஒன்றையும் மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார். இரண்டையும் அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். சாப்பிட்டார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஸ்டீரியோவைப் போடவே இல்லை. சும்மா இருக்கிற வீட்டில் அவர் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானாகப் போய்ப் போடவும் மனம் வரவில்லை.

இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை கடந்திருக்கும். அவர் எதை அமுக்கினார் என்பது எனக்குத் தெரிந்திருக்கும், உனக்கும் தெரிந்துவிடும். என்னவாக இருந்தாலும் இரண்டு காரியம் செய். இனிமேல் கூப்பிடும்போது என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கே கூப்பிடு, வலது காதில் வைங்கப்பா என்று முதலிலேயே சொல், கத்தாதே, கத்தினால் அவருக்கு இன்னும் குழம்பும், மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகப் பேசு. வார்த்தை போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள அவரிடம் ஏதாவது கேள்வி கேள். இரண்டாவது, புதுப் பட்டியல் ஒன்று போட்டு அனுப்பு. தண்ணீர், மழை, அடியில் ஓடுகிற கனமான ஓசை, அந்த மாதிரி. மணி வராததாகப் பார். அவருக்குக் கேட்காத ஒன்றை நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நீ ரூமில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்குவதாகச் சொன்னாயே, அதை விடு. சத்தத்தைக் குறைத்து வை. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. பொடியை ஈரக் கரண்டி போடாமல் எடு. நீ எங்கே இருந்தாலும் உன் வலமும் இடமும் நம் ஊர்க் கோயில் தாயார் காவல் இருக்கட்டும். இதை ஒட்டாமல் இடப்பக்கத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறேன். அவர் மூன்று மணிக்கு வருவார். படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். நான் திரும்பி வந்துதான் ஒட்டி ஜாஸ்மினிடம் கொடுக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
நாச்சியார்

செல்விக்கு,
எல்லாம் படித்தேன். கோபம் ஒன்றும் கிடையாது. மணி உள்ள பாட்டையே அனுப்பு, அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். மணி வரும்போது அவள் எனக்குச் சொல்லட்டும். வியாழக்கிழமை கேட்டதுக்கு மட்டும்தான் அமுக்குவேன்.
அப்பா